ஜிப்ஸியைத் தூக்க: கமான் பட்டறையா, கிட்டா?

குறைந்த செலவில் மாருதி ஜிப்ஸிக்கு உயரம் ஏற்ற நான்கு வழி இருக்கிறது. கமான் பட்டையின் (வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) முனையைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்கலாம். இருக்கிற கமான் பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, கூட ஒரு பட்டை சேர்க்கலாம். பட்டையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வருகிற கிட் வாங்கிப் போடலாம். துணிந்தவர்கள் ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் பட்டைகளை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிவிடுவார்கள். நான் போனது இரண்டாவது வழியில், இரண்டு அங்குலத்துக்கு. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எதற்காக ஏற்றினேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். என் வண்டி பெரும்பாலும் ஓடுவது களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் நடுவே வாழைத் தோட்டத்துப் பாதைகளில். எப்போதாவது திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில். டிராக்டர் ஓடி ஓடி இரண்டு தடமும் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். 2023 டிசம்பர் மழையில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதே மழைதான்) ஓடைக்கரைகளும் அறுத்துக்கொண்டு போயின. கம்பெனிக் கணக்கில் ஜிப்ஸியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். பழைய பட்டைகள் படிந்துபோன வண்டியில் அதுவும் இருக்காது. நடுமேட்டில் வயிறு உரசாமல் போக வேண்டும், ஓடையில் இறங்கி ஏறும்போது முன் பம்பர் மண்ணை வாரக்கூடாது. என் தேவை அவ்வளவுதான். மலைக்குள் ஏறுகிற ஆசைக்காக யாரும் லிஃப்ட் போட (அதாவது உயரம் ஏற்ற) வேண்டாம். மேற்கே இருப்பது புலிகள் காப்பகம்; அனுமதியில்லாமல் அங்கே சக்கரம் வைக்கக்கூடாது.

லிஃப்ட் போட்டால் எல்லாமே உயர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிப்ஸியில் முன்னும் பின்னும் ஒரே உருளையாக வருகிற ஆக்ஸில். நடுவில் தொங்கும், பல்சக்கரங்கள் அடங்கிய டிஃப்ரன்ஷியல் உருண்டை, பட்டையை எவ்வளவு வளைத்தாலும் ஒரு நூலும் மேலே வராது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. லிஃப்ட் உயர்த்துவது சேஸிஸையும், பாடியையும், முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் கோணம் கூடும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். தேரிக்கு இது கூடப் பெரிதாக உதவாது. அந்தச் செம்மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் கிடைக்கிற பலன் இரண்டு அங்குல லிஃப்டில் கிடைக்காது. திரும்பி வந்து காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரசர் போதும்.

நீள ஷாக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை மலிவு, அரைநாள் வேலை. ஷாக்கிளில் இரண்டு அங்குலம் கூட்டினால் வண்டி உயர்வது ஏறக்குறைய ஒரு அங்குலம்தான், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. ஜிப்ஸியின் முன்பக்கம் ஷாக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்ஸில் முன்பக்கமாகச் சாய்ந்து காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். வளைவில் திருப்பிவிட்ட ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நான்குவழிச் சாலையில் வண்டி நிலையில்லாமல் அலையும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம். ஆப்புக்கும் சேர்த்துச் செலவு செய்கிறவர் இன்னும் கொஞ்சம் போட்டுப் பட்டை வேலைக்கே போய்விடலாம் என்பது என் கட்சி.

பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றுவது வேறு உலகம். ஐந்து அங்குலம் அளவுக்கு உயரம் கிடைக்கும், அதுவும் இருக்கிற பட்டைகளை வைத்தே. ஆக்ஸிலுக்கு அடியில் தொங்கிக் கல்லில் மோதுகிற பட்டையும், அதை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டின் தட்டும் மேலே போய்விடும் என்பது உண்மையான லாபம். ஆனால் ஆக்ஸிலில் புதுப் பீடம் வெல்டிங் வைக்க வேண்டும், ஸ்டியரிங் தண்டு மாற வேண்டும், பிரேக் ஹோஸ் நீள வேண்டும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும். ஜிப்ஸியின் இரு சக்கரத்துக்கு நடுவே அகலம் 1,300 மில்லிமீட்டர்தான். அதை ஐந்து அங்குலம் தூக்கிக்கொண்டு சரிவில் பக்கவாட்டில் போவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இப்படிச் செய்த ஒரு வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போன அனுபவம்தான் உண்டு; ஓட்டியதில்லை. பாறையில் ஏறுவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி என்று அவர்கள் சொல்வதை மறுக்கவில்லை.

ஆக, உண்மையான போட்டி கிட்டுக்கும் பட்டறைக்கும்தான்.

கிட்டின் பலம் பொருத்தம். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு மாதிரியான பெயர்களை எல்லோரும் சொல்வார்கள். நம் நாட்டிலேயே செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல கிட்டில் பட்டையின் விறைப்பும் ஷாக்கின் பிடியும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்தவை. வண்டி ஒரு டன் எடைதான். கம்பெனிப் பட்டையே முரட்டுப் பட்டை. அதனால் மெல்லிய பட்டைகள் பல சேர்ந்த நல்ல கட்டு போட்ட ஜிப்ஸியில் உட்கார்ந்தால், இது அந்த வண்டிதானா என்று சந்தேகம் வரும். சொகுசில் பட்டறை வேலை இதன் கிட்டே வராது. என் வண்டி காலியாகப் போகும்போது முன்னைவிடத் தூக்கிப் போடுகிறது. அம்மா முன்சீட்டில் ஏறினால் பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை எனக்கு அர்ச்சனைதான். பின்னால் நான்கு உரமூட்டை ஏற்றினால் வண்டி அடங்கிவிடும். நான் பெரும்பாலும் மூட்டையோடுதான் போகிறேன்.

பிறகு ஏன் கிட் வாங்கவில்லை? விலை ஒரு காரணம். ஷாக் அப்சார்பர், புஷ், புது யூ போல்ட் எல்லாம் சேர்த்தும் எனக்கு ஆனது கிட் விலையில் பாதியைத் தொடவில்லை. ஆனால் தராசை இறக்கியது பராமரிப்பு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கமான் பட்டை போட்டு மறந்துவிடுகிற பொருள் கிடையாது. கல்பாதையில் ஓடுகிற வண்டியில் பட்டை ஒடியும், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறும், புஷ் தேயும், கட்டு படியும். எது எப்போது என்பதுதான் தெரியாது. ராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்தில் குவாரி டிப்பர்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு, லாரி நிற்கிற ஊரில் எல்லாம் கமான் பட்டறை உண்டு. காலையில் ஒடிந்த பட்டையோடு போனால் பெரும்பாலும் அன்று மாலையே வண்டி திரும்பிவிடும். கிட்டில் வந்த பட்டை ஒடிந்தால்? அதே கனம், அதே வளைவு, அதே பதத்தில் ஒற்றைப் பட்டை இங்கே கிடைக்காது. விற்றவரிடம் சொல்லிப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். தனிப் பட்டை தர மாட்டோம், முழுக் கட்டாக வாங்குங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவசரத்துக்கு உள்ளூர்ப் பட்டையை நடுவில் செருகினால், எந்தப் பொருத்தத்துக்காகக் காசு கொடுத்தோமோ அது போய்விடும். வண்டி ஒரு பக்கம் தூக்கி நிற்கும். தோட்டத்தில் வாழைத்தார் வெட்டி வைத்திருக்கும் நேரத்தில் வண்டி ஒரு வாரம் கட்டையில் நிற்பதை என்னால் தாங்க முடியாது. வேடிக்கைக்கு மட்டும் வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கே வராது. அவர் கிட் வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

பட்டறை வேலைக்கும் பக்குவம் உண்டு. பட்டை செய்கிற எஃகுக்கு உயிரே அதன் பதம்தான். சூடேற்றி எண்ணெயில் முக்கி, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தியது அது. கேஸ் வைத்துக் காய்ச்சி வளைத்தால் வேலை சுலபம், வளைவும் அழகாக வரும், ஆனால் காய்ந்த இடத்தில் பதம் போய்விடும். நான் கேட்பதற்கு முன்பே மேஸ்திரி சொன்னார்: “அண்ணாச்சி, காய்ச்சிக் கேக்காதீய. இன்னைக்கு நிமிந்து நிக்கும், ஒரு மழை போனா சப்பட்டையாயிரும். காய்ச்சாமயே அடிச்சுத் தாரேன்.” அப்படிச் சொல்கிற ஆளிடம்தான் வண்டியை விட வேண்டும். ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகக் கழற்றி, சுத்தியலால் சிறிது சிறிதாக அடித்து வளைவு ஏற்றுவார்கள். அப்படி ஏற்றியதும் ஓரளவு திரும்பிப் படியத்தான் செய்யும். இரண்டு அங்குலம் வேண்டுமென்றால் இரண்டரை கேளுங்கள்.

கூடுதல் பட்டையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பட்டறைக்காரர் கை லாரிக்குப் பழகிய கை. “கனமாப் போட்ருவோம், ஒடியாது” என்பார். ஒடியாது, உண்மைதான், மடங்கவும் மடங்காது. ஒரு டன் வண்டிக்கு அது நம் முதுகுத்தண்டில்தான் இறங்கும். இருக்கிற பட்டையைவிடக் கனம் கூடாமல், அதே அகலத்தில், முனை வரை நீண்ட பட்டையாகக் கேட்டு வாங்க வேண்டும். குட்டைப் பட்டை நடுவில் மட்டும் விறைப்பைக் கூட்டி, அது முடிகிற இடத்தில் அடுத்த பட்டையை ஒடிக்கும்.

இன்னொன்று: வண்டியில் இருந்த பட்டைகளை நான் வளைக்கவில்லை. காயலான் கடையில் ஒரு பழைய ஜிப்ஸிக் கட்டு பிடித்து, அதற்கு வளைவு ஏற்றிப் போட்டேன். கம்பெனிக் கட்டு வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. இதற்கு இரண்டு காரணம். ஜிப்ஸி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி நிலையில்தான் கேட்கிறார்கள். அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சொந்த வண்டிக்கு 15 வருடம் கழிந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்று ஓடுகிற ஜிப்ஸிகளில் பல அந்த வயதைத் தாண்டியவை. பழைய கட்டு கையில் இருந்தால் கம்பெனி நிலைக்குத் திரும்புவது ஒருநாள் வேலை. பீடம் வெல்டிங் வைத்த ஆக்ஸிலை அப்படித் திருப்ப முடியாது.

போட்ட பிறகு பார்க்க வேண்டியவை சில உண்டு. யூ போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும், ஒருமுறை இழுத்து முறுக்கியது மறுபடி அதே பிடி தராது. முதல் 500 கிலோமீட்டருக்குள் நான்கு பக்கமும் திரும்ப முறுக்கிவிடுங்கள். யூ போல்ட் தளர்ந்தால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே அசைவு வந்து, முழு அடியும் சென்டர் போல்டில் விழும். சென்டர் போல்ட் அறுவது பெரும்பாலும் இப்படித்தான். ஷாக் அப்சார்பர் நீளம் கூட்டியே ஆக வேண்டும். பழைய ஷாக்கையே விட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பட்டைக்கு முன்னால் ஷாக் இழுபட்டு அதன் காதைப் பிய்த்துவிடும். வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் இரண்டு அங்குலத்துக்கு எனக்குத் தொந்தரவு தரவில்லை. பின் ஷாஃப்ட் நீளமாக இருப்பது நமக்குச் சாதகம். ஸ்டியரிங் வட்டம் சற்றுக் கோணலாக நிற்கும், தண்டில் திருகிச் சரிசெய்துவிடலாம். தேரிக்குப் போய்வந்தால் பட்டை இடுக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சத்தம் வருகிறது என்று ஆயில் ஊற்றினால் அந்தச் செம்மணல் அதில் ஒட்டிக்கொண்டு பட்டையை அரம் போல அராவும். பிரித்துப் பூட்டும்போது கிராஃபைட் கிரீஸ் தடவுவது மேல்.

டயர் 205/70 ஆர்15-இலிருந்து 215/75 ஆர்15-க்கு மாற்றினேன். கணக்குப்படி டிஃப்ரன்ஷியலுக்கு அடியில் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் கூடும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். 235/75 போட்டால் 33 மில்லிமீட்டர் கிடைக்கும். இரண்டு அங்குல லிஃப்டில் அது உள்ளே அடங்கும் என்கிறார்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. எனக்கு அந்த எடையை இழுக்க 1.3 லிட்டர் எஞ்சினில் மனமில்லை.