187ஆம் பக்கத்தோடு போதும்

கதைப்புத்தகத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பெட்டிக்கடையில் நாவல் வாடகைக்குத் தந்த காலத்தில், நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்துப் படித்தவள். கொடுத்த காசுக்காகவாவது கடைசிப் பக்கம் வரை போய்விடுவேன். அப்படிப்பட்டவள், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கிய காதல் நாவலை 187ஆம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். மொத்தம் 352 பக்கம். விலை 320 ரூபாய், கழிவு போக 288. புத்தகத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே போடவில்லை. புதிதாக எழுத வந்தவர் போலத் தெரிகிறது. என் 288 ரூபாய்க்காக அவருக்குச் சோறு இறங்காமல் போக வேண்டாம்.

வாங்கியதற்குக் காரணம் பின்னட்டை. திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி, காங்கேயம் பக்கத்துப் பெண் என்று போட்டிருந்தது. நான் ஊத்துக்குளியிலிருந்து தினமும் கம்பெனி வேனில் திருப்பூர் போகிறவள், தைத்த துணியில் பழுது பார்க்கிற செக்கிங்கில் 19 வருஷம். எங்கள் ஊரை யாராவது எழுதினால் சாயக்கழிவும் கடனும்தான் வரும். பவர் டேபிள் மெஷினில் தைக்கிறவனுக்கும் பக்கத்தில் கைமடி, அதாவது உதவி வேலை, பார்க்கிற பெண்ணுக்கும் நடுவில் ஓடுகிற கதைகளை ஒருத்தரும் எழுதுவதில்லை. சரி, இவராவது எழுதியிருப்பார் என்று எடுத்துவிட்டேன்.

கதை இதுதான். நாயகனுக்கு வயது 29, அப்பா இல்லை. தாத்தாவின் உயில்படி ஆறு மாதத்துக்குள் கல்யாணம் செய்தால்தான் கம்பெனி அவன் கைக்கு வரும். ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணோடு ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தக் கல்யாணம். இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. உயில், ஒப்பந்தம், ஒரே வீட்டில் தனித்தனி அறை எல்லாம் எங்களுக்குச் சோறும் ரசமும் மாதிரி. நம்ப முடியாததை எல்லாம் நம்பித்தான் இத்தனை வருஷம் படித்திருக்கிறேன்.

ஆனால் இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அவன் அவளுடைய மீன் விழியைப் பார்க்கிறான், அவள் அவனுடைய அகன்ற தோளைப் பார்க்கிறாள். அவள் டீக்குச் சர்க்கரை போடுவாளா, எதற்குக் கோபப்படுவாள், வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறாள், அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பார்வை பட்டதும் இதயம் ஒரு கணம் நின்று துடிக்கிறது, அவ்வளவுதான். துணியில் பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் என் பையில் எப்போதும் கிடக்கும். விளையாட்டுக்கு, இதயம் நிற்கிற இடத்தில் எல்லாம் ஒன்று ஒட்டினேன். நூறு பக்கத்துக்குள் 14 ஸ்டிக்கர்.

ஷிப்மென்ட் தாமதமாகிற ஒரு அத்தியாயம் இருக்கிறது. தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற வேண்டிய சரக்கு தையலிலேயே நிற்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாயகன் ஒரே ஒரு போன் போட்டு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசுகிறான், சரக்கு வாங்குகிற பையர் பத்து நாள் தள்ளிக் கொடுத்துவிடுகிறான். கப்பல் தவறினால் என்ன ஆகும் என்று இங்கே மெஷின் துடைக்கிற பையனைக் கேட்டாலும் சொல்வான். முதலாளி தன் கைக்காசில் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டும், அந்த ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் அதோடு போச்சு. அந்த ராத்திரி அவனை டைலர்களோடு விடிய விடிய உட்கார வைத்திருக்கலாம். அவளைப் பேக்கிங்கில் நிறுத்திப் பாலித்தீன் கவர் போட வைத்திருக்கலாம். நாலு மணிக்குக் கண்ணெரிச்சலோடு இரண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்திருந்தால், அங்கே காதல் வந்தது என்று சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருப்பேன்.

அப்புறம் அந்த ‘ங்க’. கொங்குத் தமிழ் என்றால் எல்லா வார்த்தைக்கும் வாலில் ‘ங்க’ போட்டால் போதும் என்று எழுதியவர் நினைத்துவிட்டார். “ஏனுங்க, என்னை விட்டுப் போயிருங்க, நான் செத்துப் போறேனுங்க” என்று நாயகி அழுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறோம், பால்காரப் பையனிடமும் பேசுகிறோம். ஆனால் அது வீட்டுக்குள் ஏறும், இறங்கும். அம்மாவுக்கு அப்பா மேல் கோபம் வந்தால் அந்த ‘ங்க’வே நின்றுவிடும், நேராகப் பேச்சே இருக்காது. “உங்கப்பாகிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு” என்று என் வழியாகத்தான் தகவல் போகும். அப்பா இரண்டடி தள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் “சாப்புட வாங்க” என்று அம்மா நேராகக் கூப்பிட்டால் வீட்டில் நோம்பி, பண்டிகை வந்த மாதிரி இருக்கும்.

எனக்கும் கல்யாணமான புதிதில் எட்டு மாதம் அவரிடம் ‘ங்க’தான். ஒரு நாள் வண்டியிலிருந்து விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றார். என்னை அறியாமல் “பாத்து வர மாட்டயா நீ” என்று கத்திவிட்டேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் தன் காலைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் காதல் கதை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் 187 பக்கத்தில் இப்படி ஒரு ‘நீ’ கூட வரவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

வேறு இடங்களிலும் கைக்கு வந்ததை நழுவ விட்டிருக்கிறார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாயகனின் அப்பா நெஞ்சுவலியில் இறந்தார் என்று ஒரு வரி, அத்தோடு சரி. எங்கள் கம்பெனி அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணக்கூடத் தேவையிருக்காது, கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் அப்பாவை இழந்த பையன் பணத்தை எப்படிப் பார்ப்பான், தன்னிடம் வேலை செய்கிறவர்களை எப்படிப் பார்ப்பான்? ஒன்றும் இல்லை, கறுப்புக் காரில் போகிறான்.

கல்யாணத்தையும் அப்படித்தான் முடித்துவிட்டார். நாயகனுக்கு ஒரு தங்கை. இந்தக் கல்யாணம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அண்ணனிடம் பேசுவதில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்கிற கல்யாணச் சடங்கைச் செய்ய வேண்டியவள் கூடப் பிறந்தவள்தான். பேசாத தங்கை, வந்திருக்கிற அத்தனை ஒறம்பரை சொந்தபந்தத்துக்கு நடுவில், சடங்கை நடத்தி வைக்கிற அருமைக்காரர் சொல்லச் சொல்ல அண்ணனுக்குச் சீர் செய்ய வேண்டும். எனக்குப் படிக்கும் முன்பே தொண்டை அடைத்தது. பக்கத்தைத் திருப்பினால் “சீர்கள் யாவும் இனிதே நிறைவேறின” என்று இருக்கிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். நாயகியின் அம்மாவைப் பெற்றவர் ஒருவர் வருகிறார். (நாயகி அவரைப் பாட்டி என்று கூப்பிடுகிறாள், எங்களுக்கு அவர் அமத்தா.) தினம் காலையில் மோர் கடைந்ததும் முதல் டம்ளரை, செத்துப்போன கணவர் உட்கார்ந்த கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் போகிறார். திரும்பி வந்து அதை அவரே எடுத்துக் குடிக்கிறார். யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒன்றரைப் பக்கம், இதயம் நிற்கவில்லை, விழி வரவில்லை. அதைப் படித்தபோது வேன் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டியதே தெரியவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதத் தெரிந்தவர்தான் மற்றதையும் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மூன்று தடவை விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். வேனில் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிசிம்பருப்பு சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை, தூக்கம் வராத ராத்திரி ஒரு தடவை. மூன்றாவது தடவை தூக்கம் வந்துவிட்டது. எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்றால் ஆல்டர் போட்டுச் சரிசெய்து அனுப்பிவிடுவோம். பேச்சு வழக்கும் ஷிப்மென்டும் அந்த மாதிரிப் பழுதுதான். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் இல்லாததற்கு என்ன ஆல்டர் போடுவது?

செக்கிங்கில் எனக்கு எதிர் டேபிளில் நிற்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டே நாளில் முடித்துவிட்டாள், அவளுக்குப் பிடித்தும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் முடிவைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டானாம், மழையாம். கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸை மூடினேன்.

“அந்த அமத்தா என்ன ஆனாங்க?”

“யாருங்க்கா?”

“மோர் வெப்பாங்களே.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவங்க அப்பறம் வரவே இல்லீங்க்கா.”