எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எடுத்த இடம்

எக்ஸ்ரே படிகத்தில் பட்டுச் சிதறும் கோணங்களை வைத்து அதன் அமைப்பைக் கண்டறியும் சோதனைக்காக, துத்தநாக ஆக்சைடு பவுடரோடு ஒரு பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனேன். ஸ்லாட் கிடைக்க மூன்று வாரம் ஆனது, அது ரொம்ப அதிகம். ஆனால் கருவியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தங்கமானவர். பவுடர் வைத்த ஹோல்டரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, பவுடர் விளிம்புக்கு மேல நிக்குது, இப்படியே வெச்சா வரைபடத்துல பீக் எல்லாம் தள்ளிப்போயிடும்" என்று கண்ணாடித் துண்டால் மெல்ல அழுத்திச் சமன் செய்தார். அப்புறம் 20 முதல் 80 டிகிரி வரை ஸ்கேன். துத்தநாக ஆக்சைடுக்கு உரிய 36.2 டிகிரியில் உயரமான பீக் எழுந்ததும் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவி, பீக்கின் அகலத்திலிருந்து படிக அளவு கணக்கிட ஷெரர் சமன்பாட்டை என் நோட்டிலேயே போட்டுக் காட்டினார். அகலத்தை ரேடியனுக்கு மாற்ற மறக்காதே என்று இரண்டு முறை சொன்னார். அடுத்த சாம்பிளும் அங்கேதான்.