தீ அணைந்த மறுநாள் வாசலில் வந்து நிற்கும் வேன்: துணியைக் கொடுக்கும் முன் படியுங்கள்

கோவையில் கோனியம்மன் தேர் முடிந்த அடுத்த வாரம் எங்கள் வீட்டில் தீப்பிடித்தது. இன்வெர்ட்டருக்குப் போகும் ஒயர் சூடாகி, பக்கத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளில் பற்றிக்கொண்டது. 101-க்குப் போன் போட்டோம், வண்டி வந்து அணைத்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒன்றுக்காக இன்றைக்கும் விளக்குப் போடுகிறேன். அதற்குப் பிறகு நான் ஏமாந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன், இன்னொருத்தர் இதே இடத்தில் வந்து நிற்கக்கூடாது என்பதற்காக.

நான் குயில்ட் தைப்பவள். அம்மா அதை ஒட்டுப்போர்வை என்றுதான் சொல்வார். திருப்பூர் கட்டிங் துண்டு, பழைய பருத்திச் சேலை, அடியில் சோமனூர் காடாத் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே கையால் ஓட்டுத் தையல். ஒரு பெரிய போர்வைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். அலமாரியில் 14 இருந்தன. இன்வெர்ட்டர் பக்கமிருந்த 3 கருகிப்போயின. மீதி 11 எரியவில்லை. புகையும் கரியும் மட்டும் ஏறியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு வேன். ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பேர். தீ விபத்து நடந்த வீட்டுத் துணிகளைச் சுத்தம் செய்வதுதான் எங்கள் தொழில் என்றார்கள். விபத்து நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரவு முழுக்கத் தூங்காமல், கரித்தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறேன். "அக்கா, இன்னும் ரெண்டு நாள் விட்டீங்கன்னா கரி நூலுக்குள்ள இறங்கிரும், அப்புறம் கடவுளே வந்தாலும் போகாது. ஓசோன் மெஷின்ல வெச்சுக் குடுத்தர்றோம், ஏழு நாள்ல புதுசு மாதிரி வரும்" என்றார் பெரியவர். மொத்தம் 24,000 ரூபாய், முன்பணம் 12,000. போனிலேயே அனுப்பினேன். அவர் கொடுத்த ரசீதில் "துணி மூட்டை – 3" என்று எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில், சேதத்துக்கும் இழப்புக்கும் கடை பொறுப்பில்லை என்று ஒரு வரி. நான் அதையும் படிக்கவில்லை.

காப்பீட்டுச் சர்வேயர் மூன்றாம் நாள் வந்தார். வீட்டுக்கடன் வாங்கும்போது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுத்திருந்தோம். கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேரும் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. கருகிய மூன்றையும் படமெடுத்து எழுதிக்கொண்டார். மீதி எங்கே என்றார். சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டேன் என்றதும் பேனாவை மூடிவிட்டார். "பார்க்காத பொருளுக்கு நான் எப்படிம்மா சேதம் எழுதறது?" அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சேதமான பொருளைச் சர்வேயர் பார்க்கும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. அந்த வேன்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தினமும் தீ விபத்து வீடுகளுக்குப் போகிறவர், "சர்வேயர் பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏழு நாள் என்றது 19 நாளானது. போன் எடுத்தால் "காயுதுங்க அக்கா". கடைசியில் வேன் வந்தது. எல்லாவற்றையும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை மடித்து ஒட்டியிருந்தார்கள். பாக்கி 12,000 கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். கொடுத்தேன். அவர்கள் போன பிறகுதான் உறையைக் கிழித்தேன்.

முதலில் வந்தது மல்லிகை செண்ட் வாசம், தலைவலி வருகிற அளவுக்கு. கொடியில் போட்டேன். மதியம் வெயில் ஏறியதும் செண்ட் பறந்து, அடியிலிருந்து எரிந்த ஒயர் நாற்றம் அப்படியே மேலே வந்தது.

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுவில் பரவலாக இருக்க வேண்டிய பஞ்சு தையலை அறுத்துக்கொண்டு மூலைக்கு மூலை உருண்டு கிடந்தது. இடையில் வெறும் துணி, வெளிச்சம் ஊடுருவுகிறது. சிவப்புச் சுங்குடிச் சேலையில் தைத்தது இன்னொன்று. சுங்குடி முடிச்சின் வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் ரோஸாகிவிட்டன, அடிக்காடா முழுக்கச் சிவப்புத் திட்டு. சுடுதண்ணீரில் சாதாரண வாஷிங் மெஷினில் போட்டு, சூட்டிலேயே உலர்த்தியிருக்கிறார்கள். ஒரு மடிப்புக்குள் பச்சை நூலில் கட்டிய துணிச்சீட்டு இருந்தது. மார்க்கர் மையில் ஒரு ஹாஸ்டல் அறை எண். அதை வைத்து நெருக்கிக் கேட்டபோதுதான், ஓசோன் மெஷின் என்று எதுவும் தங்களிடம் இல்லை, ஹாஸ்டல் துணி துவைக்கும் வேறொரு இடத்தில் கொடுத்து வாங்கியதாக ஒப்புக்கொண்டார்கள். இருந்திருந்தாலும் அது நல்லதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஓசோன் வாயு நாற்றத்தைப் போக்கும்போது சாயத்தையும் வெளுக்க வைக்கும்.

எண்ணிப் பார்த்தேன். பத்து. திரும்ப எண்ணினேன். பத்துதான்.

"நீங்க குடுத்ததே பத்துதாங்க, ரசீதுல பாருங்க" என்றார்கள் வேன்காரர்கள். ரசீதில் எண்ணிக்கையே கிடையாது, மூன்று மூட்டை என்று மட்டும்தான். அன்று ஏன் எண்ணாமல் மூட்டை கட்டினார்கள் என்பது அப்போது உறைத்தது. ஒரே ஒரு பிடி மட்டும் மிஞ்சியது. மூன்றாம் நாள் வாட்ஸாப்பில் "11 போர்வையும் பத்திரமாங்க?" என்று கேட்டிருந்தேன், "பத்திரம் அக்கா" என்று பதில் வந்திருந்தது. போனை மாற்றும்போது அந்த உரையாடலை அழிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடைக்காரர் பதிலே கொடுக்கவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். அது நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பொடி எழுத்தில் "பொறுப்பில்லை" என்று அச்சடித்துவிட்டால் வழக்கே போட முடியாது என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார், பலரும் அதை நம்பி விட்டுவிடுகிறார்கள். போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த முதல் நாள் பயத்தில்தான் நான் ஏமாந்தேன். இரண்டு நாள் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது, துணி ஈரமாக இல்லாதவரை. தீயணைப்புத் தண்ணீர் பட்டு நனைந்திருந்தால் படமெடுத்துவிட்டு நிழலில் விரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். கரியைக் கையால் தட்டவோ தேய்க்கவோ கூடாது. ஒயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த கரி எண்ணெய்ப் பசையோடு இருக்கும், தேய்த்தால் நூலுக்குள் போய்விடும். இஸ்திரிப் பெட்டி, சுடுதண்ணீர் இரண்டும் வேண்டாம். திரும்பி வந்த பத்தில் ஒன்றை, எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். மேலே கொசுவலைத் துண்டைப் போட்டு, வாக்குவம் கிளீனரால் ஒத்தி ஒத்தி இழுத்தார். பிறகு ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்திப் பார்த்தார், சாயம் ஒட்டாத துண்டுகள்தானா என்று. அப்புறம் பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு விட்டு, பிழியாமல் நான்கு தடவை அலசி எடுத்தோம். மூன்று வாரம் நிழல் காற்றில் கிடந்தது. இப்போது முகத்தை வைத்தால்தான் லேசாகப் புகை தெரிகிறது. அந்தப் பதினொன்றையும் முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் எத்தனை பிழைத்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

இன்னொன்று, தையல்காரர்களுக்கு. ஒயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்த புகையில் அமிலம் இருக்கும். என் மிஷினை நான் துடைக்காமல் விட்டதில் ஒரே வாரத்தில் ஊசித்தண்டும் பாபின் உறையும் துருப்பிடித்துவிட்டன. கத்தரி, ஊசி, மிஷின் எதுவானாலும் சர்வேயர் படமெடுத்துக்கொண்ட கையோடு துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. காணாமல் போனது அம்மாவும் நானும் சேர்ந்து தைத்தது. அம்மா இப்போது இல்லை. கட்டிலுக்குப் போடும் பெரிய அளவு. நடுவில் இலைப்பச்சைச் சுங்குடிக் கட்டங்கள், சுற்றி அரக்குக் கண்டாங்கி பார்டர், அடியில் வெள்ளைக் காடா. ஒரு மூலையில் மஞ்சள் நூலில் மாங்காய் ஒன்றும், அதற்குக் கீழே 2009 என்றும் அம்மா கையால் போட்டிருப்பார், ஒன்பதின் வால் கொஞ்சம் கோணலாக இருக்கும். கோவை, திருப்பூர் பக்கம் ஏதாவது ஹாஸ்டலிலோ பழைய துணிக் கடையிலோ கண்ணில் பட்டால் சொல்லுங்கள். கரி இருந்தாலும் பரவாயில்லை.