கூகுள் அனலிட்டிக்ஸ் 4: கணக்குப் பார்ப்பவன் எழுதும் மதிப்புரை

இணையத்தில் பொருள் விற்பவர்களுக்கு அவர்களுடைய தளத்தின் எண்களைப் படித்துச் சொல்வது என் தொழில். புதிய வாடிக்கையாளர் எவரைச் சந்தித்தாலும் முதல் நாளிலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "வங்கியில் நூறு ஆர்டருக்குப் பணம் வந்திருக்கிறது, அனலிட்டிக்ஸ் எண்பதுதான் காட்டுகிறது, எதை சார் நம்புவது?" நான் வாங்கும் கட்டணத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கே போகிறது என்பதால், தளத்துக்கு வருபவர்களையும் அங்கே அவர்கள் செய்வதையும் எண்ணிச் சொல்லும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4ஐயும் இந்தக் கேள்வியை வைத்தே மதிப்பிடுகிறேன்.

அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005இல் வாங்கிய கூகுள், அதே ஆண்டு நவம்பரில் அனலிட்டிக்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. இப்போதுள்ள நான்காம் பதிப்பு 2020 அக்டோபரில் வந்தது. அதற்கு முந்தைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் இலவசப் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜூலையில் பழைய அறிக்கைகளைப் பார்க்கும் வழியும் அடைபட்டது. அறிவிப்பு முன்கூட்டியே வந்திருந்தும் தரவை இறக்கி வைக்காத கடைகள் உண்டு. அவர்களால் பழைய தீபாவளி விற்பனையை இந்த ஆண்டோடு ஒப்பிட முடியாது.

பழைய பதிப்பு வருகையையும் பக்கத்தையும் அடிப்படையாக வைத்து எண்ணியது. புதியது எல்லாவற்றையும் நிகழ்வாகவே பார்க்கிறது: பக்கம் திறப்பது, பக்கத்தில் தொண்ணூறு சதவீதம் கீழே உருட்டுவது, பொருளைக் கூடையில் போடுவது, பணம் கட்டுவது ஆகிய அனைத்தும் ஒரே வகைப் பதிவுகள். இணையதளத்தையும் செயலியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இந்த அமைப்பே உதவுகிறது. இதைச் சிறந்த முன்னேற்றம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் பழக்கப்பட்ட சொற்களின் பொருள் சத்தமில்லாமல் மாறியிருக்கிறது. முன்பு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் போனவர் எவ்வளவு நேரம் படித்திருந்தாலும் 'பவுன்ஸ்' கணக்கில் சேர்ந்தார். இப்போது அவர் பத்து விநாடி தங்கினாலே அந்தக் கணக்கிலிருந்து விடுபடுகிறார். பழைய விகிதத்தையும் புதிய விகிதத்தையும் அருகருகே வைத்து "தளம் மேம்பட்டுவிட்டது" என்று மகிழ்ந்தவர்களிடம் இதை விளக்குவது இனிமையான வேலையன்று.

இனி அந்த நூறு, எண்பது கணக்குக்கு வருகிறேன். பெரும்பாலான கடைகளில், பணம் கட்டியபின் தோன்றும் நன்றிப் பக்கம் திறக்கும்போதுதான் 'பர்ச்சேஸ்' நிகழ்வு பதிவாகும்படி அமைத்திருப்பார்கள். நம் ஊரில் வாங்குபவர் கைபேசியில் யூபிஐ செயலிக்குத் தாவுகிறார், ரகசிய எண்ணை இடுகிறார், பணம் போய்விட்டதற்கான பச்சைக் குறியைப் பார்த்தவுடன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அவர் கடையின் தளத்துக்குத் திரும்பாததால் நன்றிப் பக்கம் திறப்பதேயில்லை. பணம் வந்துவிடுகிறது, நிகழ்வு வருவதில்லை. திரும்பி வந்தவர்களிலும் சிலர், எந்த விளம்பரத்தின் வழியாக வந்தார்கள் என்பது மறைந்து, பணம் வசூலிக்கும் கேட்வேயின் பெயரோடு பதிவாகிறார்கள். இரண்டாவதற்கு மருந்து எளிது: 'இந்தத் தளங்களிலிருந்து வருவதைப் புதிய வருகையாக எண்ணாதே' என்று சொல்லும் பட்டியலில் அந்தக் கேட்வேயின் முகவரியைச் சேர்த்தால் போதும். முதலாவதற்கு, பணம் வந்த செய்தி கடையின் சர்வருக்கு எட்டியதும் அங்கிருந்தே, சர்வர் நேரடியாக அனலிட்டிக்ஸுக்குப் பதிவு அனுப்பும் வழியான மெஷர்மென்ட் புரோட்டோகால் வழியாக நிகழ்வை அனுப்ப வேண்டும். அதோடு வாங்கியவரின் உலாவிக்கு அனலிட்டிக்ஸ் தந்த அடையாள எண்ணையும் அந்த வருகைக்கான செஷன் எண்ணையும் சேர்த்து அனுப்பாவிட்டால், விற்பனை பதிவாகும், ஆனால் அது எந்த விளம்பரத்தால் வந்தது என்பது தெரியாது.

இதற்கு நேர்மாறான பிழை கேஷ் ஆன் டெலிவரியில் இருக்கிறது. ஆர்டர் போட்ட உடனேயே விற்பனை எண்ணப்பட்டுவிடுகிறது. வாசலில் பார்சலை வாங்க மறுத்தால் அது தானாகக் கழிவதில்லை, 'ரீஃபண்ட்' நிகழ்வை நாம் தனியாக அனுப்ப வேண்டும். யூபிஐயில் குறைந்ததும் இதில் கூடியதும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்தம் அழகாகப் பொருந்திவிடும் மாதங்களைக் கண்டால்தான் எனக்கு அதிகம் பயம்.

வாட்ஸ்அப் இன்னொரு குருட்டுப் பகுதி. குழுவில் பகிரப்பட்ட இணைப்பைத் தட்டி வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பு பெரும்பாலும் உடன் வருவதில்லை. அறிக்கை அவரை, வந்த வழி தெரியாதவர்கள் சேரும் 'டைரக்ட்' என்ற குவியலில் தள்ளிவிடும். கடை பகிரும் ஒவ்வொரு இணைப்பிலும், வந்த இடத்தைச் சொல்லும் யூடிஎம் குறியை முகவரியின் கடைசியில் சேர்க்கும் ஒழுங்கு வேண்டும். நேர அமைப்பையும் பலர் பார்ப்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கணக்கில், அங்கே கோடைக்காலம் என்பதால், நம் மதியம் 12.30 மணி வரையிலான விற்பனை முழுவதும் முந்தைய நாளில் விழுந்திருந்தது. இந்தக் குறைகளில் எதுவும் கருவியினுடையதன்று, அமைத்தவரின் கவனக்குறைவு.

கருவியின் குறைகளும் உண்டு. இலவசப் பதிப்பில், நாமே கட்டும் ஆய்வு அறிக்கைகளுக்கான தரவு அதிகபட்சம் 14 மாதங்களே நிற்கும். யாரும் மாற்றாவிட்டால் இரண்டே மாதங்கள். நேற்றைய எண்கள் முழுமையாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம் என்பதால், காலைக் கூட்டத்தில் அவற்றைக் காட்டி முடிவெடுப்பது வீண். பயனர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தனியுரிமை கருதிச் சில வரிகள் மறைக்கப்படும். சிறிய கடைக்கு இது உண்மையான இடையூறு. அறிக்கைத் திரையோ, தொழில்முறையாகப் பழகியவனுக்கே வழிதவறும் அளவுக்குச் சிடுக்கானது.

இவற்றுக்கெல்லாம் பெருமளவு மாற்றாக இருப்பது, கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்குப் பதிவுகளை அனுப்பிவைக்கும் ஏற்றுமதி வசதி. நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வுகள் வரை, சுருக்கப்படாத மூலத் தரவு இலவசப் பதிப்பிலும் கிடைக்கிறது. முன்பு இது கட்டணப் பதிப்புக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்த ஒரு வசதிக்காகவே குறைகள் பலவற்றை மன்னிக்கிறேன். ஆனால் தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாத கடைக்கு அது பூட்டிய பெட்டகம்தான். மாதம் ஐம்பது ஆர்டர் வரும் கடைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை, அவர்களுக்கு ஆர்டர் பதிவேடும் "எங்களை எப்படி அறிந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வியுமே போதும். விளம்பரத்துக்குக் கணிசமாகச் செலவிடுபவர்கள், ஆலோசகரைப் பின்னர் தேடினாலும், பிக்குவெரி இணைப்பை மட்டும் இன்றே செய்துவிடுவது நல்லது: ஏற்றுமதி இணைத்த நாளிலிருந்துதான் தொடங்கும், பின்னோக்கி எதுவும் வராது; கட்டணக் கணக்கு இணைக்காத இலவச நிலையான சாண்ட்பாக்ஸில் விட்டால் ஒவ்வொரு நாளின் அட்டவணையும் 60 நாட்களில் அழிந்துவிடும்.