துறைக்கு ஒரு யூசர்

ஆழ்கடல் படகுகளுக்கு வானிலை எச்சரிக்கை தரும் செயலி ஒன்று செய்ய வேண்டும். யூசர் யார்? எந்தப் படிப்புத் துறைக்காரரைக் கேட்டாலும் துறைக்கு ஒரு ஆளைக் காட்டுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகையே வைத்துப் பார்ப்போம்.

கருவியை மனித உடலுக்கு ஏற்ப அமைக்கிற எர்கோனாமிக்ஸ்காரருக்கு யூசர் என்றால் படகின் டிரைவர், அதிலும் அவர் கண்ணும் கையும். இரண்டாம் உலகப் போர் விமானங்களில் விமானிகள் நெம்புகோலை மாற்றி இழுத்தபோது, ஆளைத் திட்டாமல் நெம்புகோல் வைத்த விதத்தைத் திருத்தச் சொன்ன கூட்டம் இது. உப்புத்தண்ணீர் சொட்டுகிற விரலுக்குத் தொடுதிரை கேட்குமா, உச்சி வெயிலில் எழுத்து தெரியுமா என்று இவர்தான் கேட்பார்.

மேலாண்மைப் பக்கத்துத் தகவல் முறைமைத் துறையில் ஃப்ரெட் டேவிஸ் 1989ல் வெளியிட்ட மாதிரிதான் இன்னும் ஓடுகிறது: பயன் உண்டு, சுலபம் என்று தோன்றினால் ஆள் ஏற்றுக்கொள்வார். சரிதான், ஆனால் ஏற்பாரா மாட்டாரா என்று பேசுகிற இடத்தில் பொருள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும், மீனவர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

மென்பொருள் பொறியியலில் மீனவர் வரைபடத்தில் வருகிற ஒரு கதாபாத்திரம் (ஆக்டர்). வானிலை சர்வரும் அதே படத்தில் இன்னொரு கதாபாத்திரம்! தேவைப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதோ கடலுக்கே போகாத அதிகாரி.

வடிவமைப்பாளர்கள் ஆலன் கூப்பர் பரப்பிய பெர்சோனாவை, அதாவது யூசர்களுக்குப் பதிலாக நிற்கும் கற்பனை ஆளை, எடுப்பார்கள். 'அந்தோணி, வயது 42, இரண்டு பிள்ளைகள்.' துறைமுகத்தில் நாலு பேரிடம் பேசி எழுதினால் அருமையான கருவி. நாகர்கோவிலில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினால், அந்தோணி நாம் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவார்.

என் ஓட்டு ஸ்காண்டிநேவியக்காரர்களுக்கு. 1970களில் நார்வே உலோகத் தொழிலாளர் சங்கம் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து தொடங்கிய வழி: வேலை செய்கிறவரே வடிவமைப்பு மேசையில் உட்காருவார். நம் கடற்கரைக்கு இது ஏன் பொருந்தும் என்றால், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது பல படகுகள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தன, கரையிலோ எந்தப் போட்டில் யார் போனார் என்று வீட்டுக்காரர்களும் பங்குத்தந்தைமாரும் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். படகில் எந்தக் கருவியையும் தொடாத இவர்களும் யூசர்தானே? மற்ற துறைகளின் படத்தில் இவர்களுக்கு எளிதில் இடம் கிடைக்காது, ஊரார் உட்காருகிற மேசையில் முதல் பேச்சே இவர்களைப் பற்றித்தான் வரும்.

செலவும் நேரமும் கூடும், மறுக்கவில்லை. டிரைவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கூட்டம் போடுவதென்றால் அப்போது போடுங்கள், செயலியின் தேதியை அதற்கு ஏற்ப வையுங்கள்.