பாத்திரம் துலக்கப் பீர்க்கங்கூடா, தேங்காய் நாரா?

காவிரிப் படுகையின் கிராமங்களில், வேலியில் பறிக்க மறந்து முற்றிவிட்ட பீர்க்கங்காயைக் கறிக்கு ஆகாது என்று எருக்குழியில் வீசிவிடுகிறோம்; அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் விதை கலகலக்கும் நிலைக்கு வந்த காயை நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, விதைகளை உதிர்த்துவிட்டால், உள்ளே வலைபோல் பின்னியிருக்கும் கூடு பாத்திரம் துலக்கவும், உடம்பு தேய்த்துக் குளிக்கவும் உதவும். எவர்சில்வர், கண்ணாடி, நான்ஸ்டிக் பாத்திரங்களுக்குத் தேங்காய் நாரைவிட இதையே நான் தேர்வேன்; நனைந்ததும் இளகிவிடுவதால் கீறல் விழுவது குறைவு.

அடிப்பிடித்த சோற்றுப் பானைக்கும், புளியிட்டுத் துலக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் தேங்காய் நாரே சிறந்தது. புளியின் அமிலம் பித்தளையில் படிந்த கறுப்பை இளக்க, நாரின் இழைகள் விளக்கின் இடுக்குகளில் நுழைந்து அதைத் தேய்த்தெடுத்துவிடுகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுந்திருப்பதால் நார் ஈரத்தில் எளிதில் மக்குவதுமில்லை.

பீர்க்கங்கூடோ, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாமல் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். ஒவ்வொரு முறையும் பிழிந்து தொங்கவிட வேண்டும். அதே மழையை நினைத்தே, ஆடிப்பட்டத்துக் காயைவிட, தைப்பட்டத்துக் கொடியில் சித்திரை வெயிலில் காய்ந்த காயே கூட்டுக்கு ஏற்றது என்பேன். வரிமேடு இல்லாத வழவழப்பான தோலுள்ள பீர்க்கு வகையான மெழுகுபீர்க்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கூடு பருமனாகவும் மெத்தென்றும் இருக்கும்.