இபிஆர் தளம்: செம்புக்குக் கணக்கு உண்டு, ஈயக் கண்ணாடிக்கு இல்லை

புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இபிஆர் (விற்ற பொருள் கழிவான பிறகும் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற ஏற்பாடு) இணையத்தளத்தில் பதியாமல் பழைய கணினி, பிரிட்ஜ், போன் எதையும் இப்போது சட்டப்படி மறுசுழற்சி செய்ய முடியாது. பிராண்டு நிறுவனம், தயாரிப்பு ஆலை, புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சியாளர் என நாலே வகைப் பதிவு. சேகரிப்பு மையங்களுக்கும் பிரித்தெடுப்பவர்களுக்கும் 2016 விதிகளில் இருந்த தனி இடம் போய்விட்டது.

தளத்தின் மைய வேலை சான்றிதழ். மீட்ட உலோகத்தின் எடையை ஒரு மாற்றுக் காரணியால் (ஒரு கிலோ உலோகம் எடுக்க எவ்வளவு கழிவு தேவை என்ற எண்) பெருக்கி அது உருவாகிறது. பிராண்டு நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் இலக்கில் கழித்துக்கொள்ளும். இலக்கு, அவர்கள் விற்று ஆயுள் முடியும் சாதனங்களின் எடையில், முதல் இரண்டு நிதியாண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டுக்கு 70, பிறகு 80. இரும்பு, செம்பு, அலுமினியம், தங்கம் நான்குக்கும்தான் சான்றிதழ். பெரிய குறையும் இதுதான்.

பழைய டியூப் மானிட்டரைப் பிரித்தால் விஷயம் புரியும். கழுத்தைச் சுற்றிய செம்புச் சுருள் காசு. பின்பக்கக் கூம்பு ஈயம் கலந்த கண்ணாடி, முன்கண்ணாடியின் உள்பக்கம் பாஸ்பர் (ஒளிரும் தூள்) பூச்சு. இவற்றைத் தூசி பறக்காமல் பிரித்து, அபாயக் கழிவுக் கிடங்குக்கு (தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி போல) அனுப்புவது முழுக்கச் செலவு. சான்றிதழ் ஒரு கிலோவுக்கும் கிடையாது. காயலான் கடையில் கழுத்தை உடைத்துச் சுருளை மட்டும் உருவிக்கொள்வது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் அடிமாட்டு விலைக்குப் போகாமலிருக்க, வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய், போன்களுக்கு 34 ரூபாய் என அரசு கீழ்வரம்பு வைத்தது நல்ல காரியம். அதை எதிர்த்துச் சில பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயிருக்கின்றன.

மறுசுழற்சியாளரின் கணக்கு இடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான். லேப்டாப்பை பேட்டரியோடு எடைபோட்டு வரவு வைப்பார்கள். பேட்டரியோ 2022 பேட்டரி விதிகளின் கீழ் வேறு வழியில் வெளியேறும். எடைமேடைச் சீட்டோடு அதைத் தனியாக எழுதாவிட்டால் வரவும் செலவும் ஒட்டாது. சர்க்யூட் போர்டைத் தானே கரைத்துத் தங்கம் எடுக்காதவர் இன்னொரு பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் அனுப்பலாம். தங்கத்துக்கான சான்றிதழ், அதைப் பிரித்தெடுப்பவருக்கே. விதிகளின் பட்டியலில் இல்லாத பழைய சாமானை வாங்கலாம், ஆனால் அளவைத் தனியே ஏற்ற வேண்டும். சரக்கை 180 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. காலாண்டு முடிந்த அடுத்த மாதக் கடைசிக்குள் கணக்குத் தாக்கல். பிரிக்கும் வேலையை வெளியே கொடுத்தாலும், அங்கிருந்து பொருள் எங்கே போகிறது என்பதற்குப் பதிவுபெற்றவரே பொறுப்பு. பேரத்துக்கு முன் இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1000 சாதனங்களோ அதற்கு மேலோ வைத்திருக்கும் அலுவலகங்கள் பழையதை ஒப்படைக்கும்போது, எடுக்க வருபவர் காட்டும் பழைய சேகரிப்பு மைய அனுமதிக் கடிதத்தை நம்ப வேண்டாம். பதிவு இப்போது உயிரோடு இருக்கிறதா என்று தளத்தில் பார்த்த பிறகு லாரியை உள்ளே விடுங்கள்.